நாலரை மணி நாய்

எங்கள் நாய் ஏன் விடியுமுன் எழுந்து அழுகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. கண்டுபிடித்த அன்று என் வீட்டுக்காரருக்குப் பதினாறாம் நாள் படையல். வாழையிலை போட்டு ஊருக்கெல்லாம் சோறு பரிமாறிக்கொண்டிருந்தபோது, கையில் சாம்பார் வாளியோடு நின்ற இடத்தில் எனக்கு அது விளங்கியது.

இத்தனைக்கும் காரணம் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. மலாக்காவில் பத்து பெரண்டாம் என்ற இடத்தில் ஒரு ஃபேக்டரியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. பெட்டி பெட்டியாக வரும் சின்னச் சின்ன சாமான்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, இது நல்லது, இது குறை என்று பிரிக்க வேண்டும். குறை வந்தால் ஏன் வந்தது என்று தேட வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும், ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக் கூடாது. புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு இதை நான்தான் சொல்லிக் கொடுப்பேன். கொஞ்சம் சத்தம் போட்டே சொல்லிக் கொடுப்பேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வாய் அதிகம். அது ஃபேக்டரிக்கும் தெரியும், நாங்கள் குடியிருக்கும் தாமானுக்கும் தெரியும்.

நாயைக் கொண்டுவந்தது என் வீட்டுக்காரர்தான். செங் என்ற ஊரில் ஒரு கிடங்கில் அவர் போர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். லோரிக்கு அடியில் கிடந்த குட்டியைத் தண்ணீர் போத்தல் அட்டைப்பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஒரு சாயங்காலம் வந்து நின்றார். “இன்னிக்கு ஒரு ராத்திரிதான்மா” என்றார். அந்த ஒரு ராத்திரி ஆறு வருஷம் ஓடியது. எங்களுடையது வரிசை வீடு. கார் நிறுத்தும் இடத்தில், எங்கள் படுக்கையறையின் கண்ணாடிப் பட்டை ஜன்னலுக்கு நேர் கீழே அதற்குச் சாக்கு விரித்திருந்தோம். ஜன்னல் எப்போதும் பாதி திறந்திருக்கும். அவருக்குப் புழுக்கம் ஆகாது.

அடங்கிய நாய் அது. தபால்காரரைப் பார்த்தால்கூடக் குரைக்காது. பக்கத்து வீட்டு மலாய் குடும்பத்துக்கு அது ஒருநாளும் தொந்தரவு கொடுத்ததில்லை. காலையில் என் அலாரம் அடித்து நான் விளக்கைப் போட்ட பிறகுதான் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்திருக்கும்.

போன தீபாவளிக்குப் பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. அவருக்குப் பல வருஷமாக இனிப்பு நீர். தீபாவளி என்றால் மனிதருக்கு வாய் கட்டாது. அதிரசம் ஒரு டின், நெய்யுருண்டை ஒரு டின் என்று நான் எங்கே ஒளித்து வைத்தாலும் எறும்புக்கு முன்னால் அவர் போய்ச் சேர்ந்துவிடுவார். பண்டிகை முடிந்து கவர்மெண்ட் கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். சுகர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. எனக்கு லீவு கிடைக்காததால் அவர் தனியாகத்தான் போய் வந்தார்.

“ராத்திரி போடுற இன்சுலின் ஊசியக் கூட்டிட்டாங்க. நேரத்துக்கு நல்லா சாப்பிடணுமாம். பாக்கெட்ல ரெண்டு மிட்டாய் வெச்சுக்கணுமாம்” என்றார்.

“மிட்டாயா? இனிப்பு நீர்க்காரருக்கு மிட்டாய் தின்னச் சொன்னாங்களா? நல்லா கதை கட்டுறீங்க!” என்று நான் பிடித்துக்கொண்டேன்.

“இல்லம்மா, நர்ஸுதான் சொன்னிச்சு.”

“எந்த நர்ஸு? காட்டுங்க, நான் வந்து கேக்கிறேன்.”

அவர் சிரித்துவிட்டு டிவியைப் போட்டுக்கொண்டார். என்னோடு வாதாடி ஜெயித்த அனுபவம் அவருக்குக் கிடையாது. அன்றைக்கே அவருடைய ராத்திரிச் சாப்பாட்டை நான் என் கையில் எடுத்துக்கொண்டேன். சோறு நிறுத்தம். இரண்டு சப்பாத்தி, அப்புறம் ஒன்றரை, அப்புறம் ஒன்று. கீரை வேண்டுமானால் எவ்வளவும் தின்னலாம். அவர் தட்டைப் பார்த்துவிட்டு, “ஆட்டுக்குக் கொழ போட்டிருக்கியா?” என்பார். நானும் சிரிப்பேன். புருஷன் உயிரை ஒரு சப்பாத்தியில் பிடித்து வைத்திருக்கிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

நாய் அழ ஆரம்பித்தது அதற்குச் சில நாள் கழித்து. முதலில் சுவரைப் பிராண்டும். பிறகு மூக்கால் முனகும். எழுந்து அதட்டாவிட்டால் முனகல் நீண்டு ஊளையாகும். மணியைப் பார்த்தால் நாலரை, அதற்குச் சற்று முன்னே பின்னே. எனக்கு ஐந்தரைக்குத்தான் அலாரம். அந்த ஒரு மணி நேரத் தூக்கம் எவ்வளவு ருசியானது என்பது ஃபேக்டரிக்குப் போகிறவர்களைக் கேட்டால் தெரியும்.

சரி, நாமும் பார்த்துவிடுவோம் என்று வேலையைத் தொடங்கினேன். முதலில் ஃபேக்டரி பஸ் மேல் சந்தேகம். காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்ற அது எங்கள் தெருமுனையில் வந்து நின்று உறுமும். ஆனால் அது வருவது ஐந்து மணிக்குப் பிறகு. அது ஓடாத லீவு நாட்களிலும் நாய் எழுந்தது. அடுத்தது தெருவிளக்கு. ஒரு பழைய போர்வையை இரும்புக் கதவில் தொங்கவிட்டு இருட்டாக்கினேன். இருட்டிலும் எழுந்தது. கோலாலம்பூரில் வேலை செய்யும் எங்கள் மகளிடம் போனில் புலம்பினேன்.

“நெட்ல பார்த்தேன்மா. எக்சர்சைஸ் பத்தலன்னா சீக்கிரம் எந்திரிக்குமாம். ஈவ்னிங் நல்லா வாக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க அப்பாவ. ரெண்டு பேருக்கும் நல்லதுதானே-லா” என்றாள்.

அதையும் செய்தோம். அவரும் நாயும் சாயங்காலத்தில் தாமானை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். நாய் எழுவது நிற்கவில்லை, முன்னைவிட அதிகமாக ஊளையிட்டது. அரை வயிறும், ஊசியும், அதற்கு மேல் நடையும். இப்போது எழுதும்போது என் கை கூசுகிறது. அப்போது நான் நாயின் மேல்தான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு நாள் அது விடிந்த பிறகுதான் எழுந்தது. முதல் நாள் ராத்திரி மலாக்கா டவுனில் ஒரு கல்யாண விருந்து. கல்யாண வீட்டில் அவரைக் கட்டுப்படுத்த முடியாது. பிரியாணியும் ஆட்டுக்கறியும் ஒரு பிடி பிடித்தார், கேசரியும் இரண்டு முறை வாங்கினார். நாலு பேருக்கு முன்னால் என்னால் முறைக்க மட்டும்தான் முடிந்தது. மேசையில் கிடந்த எலும்புகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வந்து நாய்க்குப் போட்டோம். மறுநாள் அலாரம் அடித்தபோது வெளியே சத்தமே இல்லை. அட, இதுதானா என்று எனக்கு ஒரே சந்தோஷம். நாய்க்கு ராத்திரிச் சாப்பாடு போதவில்லை, அதனால்தான் பசித்து எழுந்திருக்கிறது. அன்று முதல் நாய்க்குச் சோற்றைக் கூட்டினேன். கல்யாணச் சாப்பாட்டுக்குத் தண்டனையாக அவருக்குக் குறைத்தேன்.

அன்றைக்கு வயிறு நிறைந்து படுத்தது இரண்டு பேர். நான் ஒருவரைத்தான் கணக்கில் எடுத்தேன்.

நாய் வயிறு உப்பிக்கொண்டு மறுபடியும் எழுந்தது. சில நாள் நான் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு படுத்துவிடுவேன். “நீ தூங்கும்மா, நான் பாக்கிறேன்” என்று அவர் எழுந்து போவார். சற்று நேரத்தில் நாய் அடங்கிவிடும். ஒருநாள் எனக்கு என்னவோ தோன்றி நானும் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். சமையலறை விளக்கு எரிந்தது. மேசையில் சீனி போட்ட டின் பால், பக்கத்தில் பிஸ்கட் டின். குவளையில் டீயைவிடப் பால்தான் அதிகம். மனிதர் பிஸ்கட்டை அதில் முக்கி அவசரமாக வாயில் போட்டுக்கொண்டிருந்தார். நாயை உள்ளே விட்டு, ஆளுக்குப் பாதி என்று அதற்கும் ஒன்றை உடைத்துக் கொடுத்தார்.

எனக்கு வந்ததே கோபம். “இதுக்குத்தானா! நீங்க பிஸ்கட்டு குடுத்துப் பழக்கி வெச்சிருக்கீங்க, அது எந்திரிக்காம என்ன செய்யும்? திருட்டுத் தீனிக்கு ஜோடி வேறயா?” என்று தாமானே எழுந்துவிடும்படி கத்தினேன். அவர் குவளையைக் கீழே வைக்கப் போனார். கை நடுங்கி டீ மேசையெல்லாம் கொட்டியது. நெற்றி முழுக்க வியர்வை. திருடன் கையும் களவுமாக மாட்டினால் கை நடுங்கத்தானே செய்யும் என்று நான் நினைத்தேன். துணியை எடுத்து மேசையைத் துடைத்தேன். அவரைப் பார்க்கவில்லை.

“அது எழுப்புனாதான்மா எனக்கு...” என்று என்னவோ சொல்ல வந்தார்.

“பேசாதீங்க” என்றேன். பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

காரணம் கிடைத்துவிட்டதே என்று எனக்கு ஒரு நிம்மதி. டின் பாலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். பிஸ்கட் டின் என்னோடு ஃபேக்டரிக்கு வந்தது, பெண்களோடு பகிர்ந்து தின்றோம். துணி துவைக்கும்போது அவர் சட்டைப் பையில் மிட்டாய் கிடைக்கும். அதையும் எடுத்துக் குப்பையில் போட்டேன். இப்போது நினைத்தால் அந்த மிட்டாய்கள் எல்லாம் ஒரே ரகம், பசாரில் பாக்கெட்டாக விற்கும் சாதாரணச் சீனி மிட்டாய். ருசிக்காகத் தின்கிறவர் அதையா வாங்குவார்?

அதே வாரம் அவருடைய அக்கா டுரியான் துங்காலிலிருந்து வந்து எங்களோடு ஒரு ராத்திரி தங்கினார். அங்கே ஒரு பழைய தோட்டத்துப் பக்கம் இருக்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் மூத்தவர், கோயில் குளம் என்று இருப்பவர். மறுநாள் ஆஸ்பத்திரியில் அக்காவுக்குக் கண் பரிசோதனை. விடியுமுன் நாய் ஊளையிட்டதும் எழுந்து உட்கார்ந்து திருநீறு பூசிக்கொண்டார்.

“எத்தினி நாளா இப்படிக் கத்துது?” என்றார்.

“ரொம்ப நாளாக்கா.”

“ரொம்ப நாளா? நீயும் சும்மா இருக்கியா? நாய் ஊளையிட்டா வீட்டுக்கு ஆகாதும்மா. எமன் வாசல்ல வந்து நிக்கிறது அதுக்குத்தான் கண்ணுல தெரியும். சீக்காளி இருக்கிற வீடு வேற.”

என் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடி, “வந்தா உள்ள வரச் சொல்லு, டீ குடிச்சிட்டுப் போகட்டும். டின் பாலுதான் இல்ல” என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை. எமன், சகுனம் என்று யாராவது சொன்னால் வாயை அடைத்துவிடுகிறவள் நான். ஆனால் அன்றைக்கு நம்பவில்லை என்று வெளியே சொன்னேன், உள்ளே பயந்தேன். “நான் கொண்டு போறேன், தோட்டத்துல கெடக்கட்டும்” என்று அக்கா சொன்னபோது நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. எமன் போன மாதிரியும் ஆயிற்று, தூக்கம் வந்த மாதிரியும் ஆயிற்று.

ஆஸ்பத்திரி முடிந்து அவரே காரில் அக்காவையும் நாயையும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். வந்தவர் சாப்பிடக் கூப்பிட்டும் வராமல் வெறும் சாக்கைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார். “அது இருந்தா எனக்கு ஒரு தைரியமா இருக்கும்” என்றார். திருடனைச் சொல்கிறார் என்று நினைத்து, “கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போடுவோம்” என்றேன்.

அப்புறம் வீடு அமைதியாகிவிட்டது. சில நாள் கழித்து அக்கா போன் செய்து, “உன் நாய் இங்க கத்தவே இல்லம்மா. வெயிலு அடிக்கிற வரைக்கும் தூங்குது. எல்லாம் நான் அதுக்கு மாரியாத்தா கோயில் கயிறு கட்டின நேரம்” என்றார். நான் சத்தமாகச் சிரித்தேன். பிஸ்கட் இல்லாத இடத்தில் பிஸ்கட்டுக்காக ஏன் எழப்போகிறது என்று சொன்னேன். ஆனால் அக்கா வீட்டில் காலையில் பிஸ்கட் கிடைக்காது என்பது முதல் நாளே அதற்கு எப்படித் தெரியும்? பழகின வயிறு நாலு நாளாவது கேட்டிருக்காதா? ஃபேக்டரியில் ஒரு பெண் என்னிடம் இப்படி ஒரு காரணத்தைக் கொண்டுவந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். பதில் போனில் வந்து என் காதிலேயே விழுந்தது. நான் சிரித்துவிட்டுப் போனை வைத்தேன்.

நாய் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஒரு காலை என் அலாரம் அடித்தது. விளக்கைப் போட்டேன். அவர் எழவில்லை. தொட்டுப் பார்த்தால் பனியன், தலையணை, மெத்தை எல்லாம் தொப்பலாக நனைந்திருந்தது. உடம்பு சில்லென்று இருந்தது. மூச்சு மட்டும் குறட்டை மாதிரி வந்துகொண்டிருந்தது. கன்னத்தில் தட்டினேன், கத்தினேன். என் சத்தத்துக்குத் தெருவே எழுந்துவந்தது, அவர் எழவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

“சுகர் ரொம்ப இறங்கிடுச்சு” என்றார் டாக்டர். “ஏறிடுச்சா?” என்று நான் கேட்டேன். “இல்ல, இறங்கிடுச்சு. ரொம்ப நேரமா இறங்கியே இருந்திருக்கு” என்று மறுபடியும் சொன்னார். எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டில், எங்கள் சொந்தத்தில், எல்லாருக்கும் சுகர் என்றால் ஏறுவதுதான். கால் போனதும் கண் போனதும் ஏறி ஏறித்தான். இறங்கினால் நல்லது, இன்னும் இறங்கட்டும் என்றுதான் நாங்கள் சாமி கும்பிடுவோம். இறங்கியும் ஆளைக் கொண்டுபோகும் என்று அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் தெரிந்துகொண்டேன். அவர் கண் திறக்காமலே சில நாள் கிடந்தார். பிறகு போய்விட்டார்.

பதினாறாம் நாள் படையலுக்கு அவரோடு கிடங்கில் வேலை செய்த தம்பி ஒருவர் வந்திருந்தார். நாங்கள் அதிகம் பேசிப் பழகியதில்லை. இலையில் உட்கார்ந்தவர் வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

“நாய் எங்க அண்ணி?” என்றார்.

“அவரோட அக்கா வீட்ல இருக்கு. ஏன்?”

“இல்ல, அண்ணன் எப்பவும் அது பேச்சுதான். விடிகாலையில ஒடம்பு நடுங்கி வேர்த்துக் கொட்டுமாம். தனக்கே தெரியாம தூங்கிட்டு இருப்பாராம். இந்த நாய்தான் கரெக்டா எழுப்பி விடுமாம். எந்திரிச்சு இனிப்பா டீ குடிச்சாதான் நடுக்கம் நிக்குதுன்னு அண்ணன் சொல்லும். ‘அது இல்லன்னா நான் போய்ச் சேர்ந்திருப்பேன்டா’ன்னு சிரிக்கும்.”

வாளி என் கையில் கனத்தது. “என்கிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டேன். அந்தத் தம்பியிடம் கேட்கக் கூடாத கேள்விதான்.

“நானும் கேட்டேன் அண்ணி. ‘சொன்னா கத்துவாடா, பாவம், எனக்காகத்தான் கஷ்டப்படுறா. அடுத்த தடவ கிளினிக்ல நானே சொல்லிக்கிறேன்’னு சொல்லிச்சு.”

அந்த அடுத்த தடவைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

சாம்பாரை அடுத்த இலைக்கு ஊற்றினேன். வந்தவர்கள் சாப்பிட்டுப் போகும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். வீட்டில் பேசத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தோம். அவர் பேச முடியாதபடி நான் பேசிக்கொண்டே இருந்தேன். கடைசியில், திறந்த ஜன்னல் வழியாக அவர் வியர்வையை மோந்த நாய்தான் அவருக்காகக் கத்த வேண்டியிருந்தது. அதையும் நான் ஊரை விட்டே அனுப்பினேன். அவருடைய உயிர் என் பக்கத்திலேயே, ஒரு கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒவ்வொரு விடியற்காலையும் இறங்கிக்கொண்டிருந்தது. நான் தெருவிளக்கைப் பார்த்தேன், பஸ்ஸைப் பார்த்தேன், நாயின் வயிற்றைப் பார்த்தேன். திரும்பிப் படுத்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை.

மறுவாரம் அக்காவே நாயைக் கொண்டுவந்தார். நான் எதையும் சொல்லவில்லை. ஆனால் படையலன்று பக்கத்தில் நின்று கேட்ட மகள் சொல்லியிருப்பாள் போல. என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் எடுத்துட்டுப் போயிருக்கக் கூடாதும்மா” என்று அழுதார். ஒரு காலத்தில் என்றால் அவரை வார்த்தையால் கிழித்திருப்பேன். இப்போது அதற்கு எனக்கு வாயும் இல்லை, வழக்கும் இல்லை. நான்தான் குடுத்து அனுப்பினேன் என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன்.

நாய் நேராக உள்ளே ஓடியது. கட்டிலை மோந்தது, அவர் படுக்கும் பக்கம் முன்காலை வைத்து எட்டிப் பார்த்தது, கழிப்பறைக் கதவின் முன்னால் கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு வெளியே போய் ஜன்னலுக்குக் கீழே அதன் பழைய சாக்கில் படுத்துக்கொண்டது.

எனக்கு இப்போதும் நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. சுவரைப் பிராண்டும் சத்தம் கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன். கேட்காது. எழுந்து டின் பால் ஊற்றி டீ போடுவேன். பிஸ்கட் டின்னைத் திறக்கும் சத்தத்தை வேண்டுமென்றே கொஞ்சம் பெரிதாக எழுப்புவேன். நாய் காதைக்கூட அசைக்காது. ஃபேக்டரி பஸ் வந்து உறுமிவிட்டுப் போகும், சூரா என்கிற சின்னப் பள்ளிவாசலில் பாங்கு சொல்வார்கள், தெருவிளக்கு அணையும். அதற்கெல்லாம் அது எழுவதே இல்லை.

ஏழு மணி வரை தூங்குகிற நாய் வேண்டும் என்று எத்தனை மாதம் புலம்பினேன். இப்போது ஏழு மணி வரை தூங்குகிறது.